கடற்கரையூரும் பூகோளப் பயிற்சியும்

பூகோள நூல் என்றவுடன் நாடுகளின் தலைநகரங்களையும் ஆறுகளின் நீளங்களையும் நெட்டுருச் செய்தலே நம்மிற் பலருக்கு நினைவில் வருகின்றது. ஆயின் அந்நூலின் உயிர்நிலை மனப்பாடத்தில் இல்லை. ஓர் இடத்தை நேரிற் சென்று கண்டு, அளந்து, வரைந்து, "இஃது ஏன் இவ்விடத்தில் இவ்வாறு இருக்கின்றது?" என்று வினவுதலிலேதான் உள்ளது. ஆகலின் இவ்வாண்டு மலரில் மனப்பாடத்தை விடுத்து மணப்பாட்டிற்குச் செல்வோம் என்று நம் மாணவ நண்பர்களை அழைக்கின்றோம்.

கல்லூரி மாணவர் ஊர்களை ஆராய்தல் நம் நாட்டிற் புதியதன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராய் விளங்கிய கில்பர்ட் சிலேட்டர் என்பார் 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைத் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதும்படி ஏவினார். அவ்வாராய்ச்சிகள் 1918-இல் நூலாய் வெளிவந்தன. நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கங்கைகொண்டானும் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டு, அம்முடிவுகள் 1940-இல் அச்சேறின. முதன்முறை எழுதிவைத்த குறிப்புகள் இருந்தமையாலன்றோ இரண்டாம் முறை சென்றோர், "இன்னது மாறிற்று, இன்னது மாறவில்லை" என்று துணிந்து கூற இயன்றது? ஆயினும் அங்கு விரிவாய் ஆராயப்பட்டவை பெரும்பாலும் உழவர் ஊர்களே. வயலுக்கு எல்லைக்கல் உண்டு, சர்வே எண் உண்டு, பட்டா உண்டு. கடலோடு வாழ்வாருடைய ஊரிலோ, மக்கள் நாள்தோறும் புழங்கும் இடத்திற் பெரும்பகுதிக்கு இவற்றுள் யாதும் இல்லை. ஆதலின் அங்கே பூகோளப் பயிற்சிக்கு வேலை மிகுதி, பொறுப்பும் மிகுதி.

தமிழிலக்கணம் ஒரு நிலத்தை ஆராய்வதற்கு முதல், கரு, உரி என மூன்று பகுப்புகளை வகுத்துள்ளது. இடமும் காலமும் முதற்பொருள். அவற்றிற் பிறக்கும் மரம், மீன், தொழில் முதலியன கருப்பொருள். ஆண்டு வாழும் மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுட்கு வகுத்த இம்முறையைக் களஆராய்ச்சிக்கும் வழிகாட்டியாய்க் கொள்ளலாம். முன்னது தெரியாமற் பின்னது விளங்காது என்பதே இதனாற் பெறும் பாடம்.

1. ஊரின் கிடக்கை

மணப்பாடு தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோ மீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாக் கரையில் உள்ளது. சுண்ணாம்புப் பற்றினால் இறுகிய மணற்கல் மேடொன்று அங்குக் கடலுள் நீண்டு நிற்கின்றது. அதன்மேல் 1581-ஆம் ஆண்டினதாகிய திருச்சிலுவைக் கோயில் விளங்குகின்றது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார் தங்கிச் செபித்த குகையென்று மக்கள் போற்றுவதும் அம்மேட்டிலேயே உள்ளது. கருமேனியாறு ஊரையடுத்துக் கழியாய்ப் பரந்து கடலிற் கலக்கின்றது. உள்நாடு நோக்கிச் செல்வார்க்குத் தேரி எனப்படும் செம்மணற் பரப்பும் பனங்காடும் எதிர்ப்படும்.

இவற்றைக் கண்டு வியந்து திரும்புவது உல்லாசப் பயணம். படத்தில் இறக்குவது பூகோளம். முதற்கண், இந்திய நிலஅளவைத் துறையின் படத்தாளையும், வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தையும் ஒருங்கே வைத்துக் கொள்ளல் வேண்டும். முன்னது மேடு பள்ளங்களைக் காட்டும். பின்னது யாருக்கு எந்நிலம் என்பதைக் காட்டும். பின்னர்த் திசைகாட்டியும் அடியளவும் கொண்டு ஊரைச் சுற்றி நடந்து, இவ்விரு படங்களிலும் இல்லாதவற்றைக் குறித்தல் வேண்டும். இக்காலத்தில் கைப்பேசியே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைச் சில மீட்டர் வழுவிற்குள் காட்டிவிடுகின்றது. எனினும் நடையளவைக் கைவிடற்க. கருவி இடத்தைச் சொல்லும். நடந்தவனுக்கே இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ளது தெரியும்.

1972 முதல் லாண்ட்சாட் முதலிய செயற்கைக் கோள்கள் எடுத்துவரும் படங்களும் எவரும் பெறக்கூடியனவாய் உள்ளன. வெவ்வேறு ஆண்டுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து நோக்கின், கரைக்கோடு எங்கே முன்வந்தது, ஆற்றின் வாய் எங்கே பெயர்ந்தது என்பன புலனாகும். ஒப்பிடும் படங்கள் ஒரே பருவத்தில் எடுக்கப்பட்டனவாய் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் மறவற்க. அதன் காரணம் அடுத்து வருவது.

2. மணலை அளத்தல்

கடற்கரை நிலையாய்க் கிடப்பதன்று. காற்று வலுத்த பருவத்தில் உயர்ந்த அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போய்க் கடலடியிற் சேர்க்கும்; அமைந்த பருவத்தில் தாழ்ந்த அலைகள் அதனைச் சிறிது சிறிதாய் மீளக் கொணரும். ஆகவே ஒருநாட் சென்று கண்டு, "கரை அழிகின்றது" என்றோ "வளர்கின்றது" என்றோ கூறுதல் அறிவன்று. திங்கள்தோறும், ஒரே இடத்தில், ஒரே முறையில் அளத்தல் வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கே. ஓ. எமரி என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் வெளியிட்ட எளிய முறையொன்று உண்டு. 1.5 மீட்டர் நீளமுள்ள இரண்டு கோல்களைக் கொண்டு, தலையிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர்க் குறிகள் இடுக. இரண்டிற்கும் இடையே 1.5 மீட்டர்க் கயிறு கட்டுக. கோயிற்படி, கிணற்றுச் சுவர் போன்ற அசையாத அடையாளம் ஒன்றிலிருந்து தொடங்கிக் கடல்நோக்கிச் செல்க. கரைப்பக்கக் கோலின் பின்னே நின்று, கடற்பக்கக் கோலின் தலையும் தொடுவானமும் ஒரே கோட்டில் அமையுமாறு நோக்குக. அந்நோக்கு கரைப்பக்கக் கோலை எக்குறியில் வெட்டுகின்றதோ, அதுவே அவ்வளவு தூரத்தில் தரை தாழ்ந்த அளவாம். தரை கடல்நோக்கி உயருமாயின், கரைப்பக்கக் கோலின் தலையையும் தொடுவானத்தையும் ஒருங்கே நோக்கிக் கடற்பக்கக் கோலின் குறியைப் படிக்க. பிறகு கோல்களைப் பெயர்த்து நீர்விளிம்பு வரை இவ்வாறே செல்க. இவ்வளவுகளைக் கட்டத்தாளில் வரைந்தால் கரையின் குறுக்குவெட்டு வந்துவிடும். பன்னிரண்டு திங்களின் பன்னிரண்டு கோடுகளை ஒரே தாளில் வரைந்து நோக்குவான், பருவ மாற்றம் இன்னது, நிலையான இழப்பு இன்னது என்று பிரித்தறியத் தொடங்குவான். ஓராண்டின் கணக்கும் போதாது. ஆயின் முதலாண்டு இன்றேல் இரண்டாமாண்டு இல்லை.

அளவோடு வரலாற்றையும் சேர்த்துக் காண்டல் வேண்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் கரையோ அன்று வெகுதூரம் கிழக்கே இருந்தது. பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கை இன்று கடலினின்றும் 6, 7 கிலோ மீட்டர் உள்ளே கிடக்கின்றது. தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. இடையன்குடியில் உழைத்த கால்டுவெல் ஐயர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இம்மாற்றத்தை எடுத்தோதியுள்ளார். கரை பெயர்தல் இயற்கை. எவ்வளவு இயற்கை, எவ்வளவு நம் கைவேலை என்று அறிதலே நம் கடன்.

3. தேரியும் நன்னீரும்

ஊருக்குப் பின்னுள்ள தேரிமணல் செந்நிறமாய் இருப்பது ஏன்? ஒவ்வொரு மணலையும் இரும்புத் துருவின் மெல்லிய பூச்சொன்று போர்த்திருத்தலால் என்க. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகும் பருவக்காற்று இம்மணலை அலைத்துக் குவித்துவந்துள்ளது. இத்தேரிகளிற் கிடைத்த சிறுகற்கருவிகளைச் சொய்னர், ஆல்ச்சின் என்னும் இரு தொல்பொருளறிஞர் 1956-இல் ஆராய்ந்து எழுதினர். பனைமரமும் காற்றும் தவிர வேறில்லை என்று நாம் கருதும் அப்பரப்பில் கற்கால மாந்தரும் வாழ்ந்தனர்.

தேரிக்கும் மீனவரூருக்கும் உறவு யாது? நீரே உறவு. மழை மணலுள் இறங்கிக் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும். உவர்நீரினும் நன்னீர் எடை குறைந்தது. கடல்மட்டத்திற்குமேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அந்நன்னீர் இருக்கக்கூடும் என்பது கைபென், எர்சுபெர்க்கு என்னும் இருவர் கண்ட கணக்கு. இதனை மறுதலையாகவும் படித்தல் வேண்டும். மிகுதியாய் இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது சாண் ஏறிவரும். கரையோரக் கிணறு கண்காணா வகையில் கெடுவது இதனாலேதான்.

ஆகவே மாணவர் ஊர்க்கிணறுகள் ஒவ்வொன்றையும் படத்திற் குறித்து, கடலினின்று அதன் தொலைவு, நீர்மட்டத்தின் ஆழம், நீரின் உப்புத்தன்மை என்னும் மூன்றையும் கோடையிலும் மழைக்குப் பின்னும் எழுதிவைத்தல் வேண்டும். எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது என்பதை அங்குள்ள தாய்மாரே நன்கறிவர். குடம் சுமந்தவர் அவரன்றோ!

இக்கரைக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமே. அது வறளுவதும் உண்டு. வரம்பு கடப்பதும் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மணல் அடைத்துக் கிடக்கும் ஆற்றுவாய் அத்தகைய நாளில் எங்ஙனம் நீரை விடும் என்பது, ஊராரின் உயிரைப் பற்றிய வினா. தாமிரபரணி வெள்ளத்தைக் கருமேனியாற்றிற்கும் நம்பியாற்றிற்கும் கொணரும் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கப்பெற்றதாதலின், கழிமுகத்தைத் தொடர்ந்து அளத்தல் இன்னும் இன்றியமையாததாகின்றது.

4. கடலின் படம்

இதுகாறும் கரையில் நின்றோம். மீனவரின் நிலம் கடலிலும் உள்ளது. கண்ணுக்கு ஒரே நீர்ப்பரப்பாய்த் தோன்றும் கடலில் அவர்க்குப் பல புலங்கள் உண்டு. கடலடியிற் கல்லும் பவளமும் செறிந்த திட்டைப் பார் என்பர். முத்துச்சிப்பி விளைந்த தொள்ளாயிரம் பார் பேர்பெற்றது. 1961-ஆம் ஆண்டிற்குப்பின் முத்துக்குளிப்பு நின்றுபோயினும், பார்கள் மீனுக்கு இருப்பிடமாய் உள்ளன.

கரை மங்கும் தொலைவில், அடையாளமற்ற நீர்ப்பரப்பில் பாரை எங்ஙனம் கண்டடைவர்? கரையிலுள்ள இரண்டு பொருள்கள், எடுத்துக்காட்டாக ஒரு கோயிற் கோபுரமும் அதன் பின்னுள்ள மேடும், ஒன்றன்பின் ஒன்றாய் நேர்படும் கோடு ஒன்று. வேறு திசையில், ஒரு பனந்தோப்பும் ஒரு விளக்குத் தூணும் நேர்படும் கோடு மற்றொன்று. இவ்விரு கோடுகளும் வெட்டும் புள்ளியே அவர் தேடும் இடம். நாம் வகுப்பறையில் தெரிந்த புள்ளிகளை நோக்கி நம் இடத்தைக் கணிக்கும் முறை இதுவேயன்றோ? 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து இலாம்டன் தொடங்கிய பெருமுக்கோண அளவையும் நோக்குக்கோடுகள் வெட்டுமிடத்தை நம்பியே நாட்டை வரைந்தது. மாலுமிக்கும் அளவையாளருக்கும் கணக்கு ஒன்றே. ஒருவர் தாளில் எழுதினார், மற்றவர் மகனுக்குச் சொல்லிச் சென்றார்.

அவ்வாறே வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றிற்குப் பெயரிட்டும், நீரோட்டத்தை நீவாடு என்று வழங்கி அதன் திசை நோக்கியும் வலை விடுவர். எப்பெயர்க்கு எத்திசை என்பது ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். ஆதலின் கேட்டு, திசைகாட்டியோடு ஒப்பிட்டு, அவ்வூர் வழக்கையே எழுதுக. பின்னர்ப் பன்னிரண்டு திங்களையும் வட்டமாய் வரைந்து, எத்திங்களில் எக்காற்று, எம்மீன், எவ்வலை, எந்நாளில் தொழில் இல்லை என்பவற்றை நிரப்புக. விசைப்படகுகட்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலத்தையும், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை அடுத்த கடற்பகுதி நாட்டுப்படகுகட்கு ஒதுக்கப்பட்டிருத்தலையும் அதனோடு சேர்த்துக் குறிக்க. அப்போது ஒரு குடும்பம் எத்திங்களில் கடன் வாங்குகின்றது, எத்திங்களில் அடைக்கின்றது என்பதும் விளங்கத் தொடங்கும். முதலும் கருவும் தெரிந்தபின் உரி தெரிவது இவ்வாறு.

5. அயலூரின் மணல்

ஓரூரை ஆராய்வோர் அவ்வூரின் எல்லையோடு நின்றுவிடுதல் கூடாது. கரை ஒரு நீண்ட சங்கிலி. சாய்ந்து வரும் அலை மணலைக் கரைவழியே நகர்த்திச் செல்கின்றது. அவ்வோட்டத்திற்குக் குறுக்கே யாதேனும் கட்டினால், ஓட்டம் வரும் பக்கத்தில் மணல் சேரும், மறுபக்கத்தில் தேயும். 1876-இல் தொடங்கிச் சென்னையில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களால் தெற்கே மெரினாவின் மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிப்புண்டது. புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகம் அமைந்தபின் அதற்கு வடக்கேயுள்ள நகரக்கரை தன் மணலை இழந்தது.

நம் மீனவர் தூண்டில் வளைவு என்று வழங்கும் கற்சுவர்க்கும் இவ்விதியே. கடல் வீட்டுவாயிலுக்கு வரும்போது தூண்டில் வளைவு வேண்டுமென்று ஓரூரார் கேட்பது குற்றமன்று. அது பிள்ளைகளின் உயிர்காக்கும் வேண்டுகோள். ஆயின் அச்சுவர் பிடித்துக்கொள்ளும் மணல் அடுத்த ஊருக்குச் செல்லவேண்டிய மணல். அங்கும் கரை கரையும். அவரும் சுவர் கேட்பர். இவ்வாறு ஒருவர் காவல் மற்றவர் கேடாய் முடிதல் கண்டும், இதற்கு ஒரு படம் இல்லாமை காரணமாகவே பெரும்பாலும் ஊர்கள் ஒன்றையொன்று பழிக்கின்றன. பல ஊர்களின் கரைக்கோடுகளையும் திங்கள்வாரி அளவுகளையும் ஒரே தாளிற் கண்டால், பூசல் வினாவாய் மாறும்: 'எங்கே, எவ்வகையில் கட்டினால் அனைவர்க்கும் தீங்கு குறைவு?' இவ்வினாவை எழுப்புதலே பூகோளம் ஒரு கரைக்குச் செய்யக்கூடிய பேருதவி.

6. படத்தில் இல்லாத இடம்

இறுதியாய், நாம் முதன்மையாய்க் கருதுவதைக் கூறுவோம். வருவாய்த்துறைக் கணக்கில் கரைமணல் பெரும்பாலும் புறம்போக்கு. வெளியூரான் கண்ணுக்கும் அது வெற்றிடம். ஆனால் அங்கே வள்ளம் ஏற்றும் இடம் ஒன்று. வலை உலர்த்திப் பழுதுபார்க்கும் இடம் ஒன்று. பெண்டிர் கருவாடு காயவைக்கும் களம் ஒன்று. மீன் ஏலம் கூறும் இடம் ஒன்று. கரைவலை இழுக்கும் பாடு ஒன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின் பெயர்ந்து அமைந்த குடியிருப்புகளும் இக்கரை நெடுகப் பல. ஒவ்வோர் அடிக்கும் பயன் உண்டு. ஒவ்வொரு பயனுக்கும் உரியார் உண்டு. எழுத்தில் மட்டும் இல்லை.

1991-இல் பிறந்து, 2011-இலும் 2019-இலும் மாற்றி வெளியிடப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள், உயர்ஓத வரம்பினின்றும் 500 மீட்டர் வரையுள்ள கடலோர நிலத்தை வகைப்படுத்துகின்றன. எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது என்பது அதற்கென வரையப்படும் படங்களைப் பொறுத்தது. பொதுமக்கள் அப்படங்களைக் கண்டு கருத்துரைக்கவும் இடமுண்டு. அப்படத்தில் மீனவர் குடியிருப்பும் களமும் துறையும் குறிக்கப்படாவிடின், அவ்விடம் ஒருவர்க்கும் பயன்படாத மணல் என்றே பின்னர் எண்ணப்படும். மணப்பாட்டிற்கு அயலேயுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. பெருவேலைகள் வரும் கரையில், "இன்ன இடத்தில் இன்ன பருவத்தில் எம் தொழில் நடக்கின்றது" என்று எடுத்துக்காட்டத்தக்க படம் ஊராரிடத்தே இருத்தல் நலம். வேலையைத் திட்டமிடுவோர்க்கும் அது நலமே.

அப்படத்தை மாணவர் தாமே வரைந்துவிடல் ஆகாது. மூத்த மீனவரோடும் கருவாட்டுக்களத்துத் தாய்மாரோடும் கரை நெடுக நடந்து, அவர் சொல்லும் பெயரை அவர் சொல்லும் வண்ணமே எழுதி, வரைந்ததை விரித்துக் காட்டி, "இது சரியா, ஐயா? விட்டது உண்டா, அம்மா?" என்று கேட்டுத் திருத்துதல் வேண்டும். பாரின் இடம் போன்று ஒரு குடும்பத்தின் பிழைப்பு அடங்கிய செய்திகளை, அவர் இசைந்தாலன்றி வெளியிடலாகாது. முடிந்தபின் ஒரு படியைக் கல்லூரியிலும், ஒரு படியை ஊரிலும் வைத்தல் வேண்டும். ஊரிலிருந்து எடுத்து ஊருக்குத் திருப்பாத கல்வி, கடன்பட்டுத் தீர்க்காததற்கு ஒப்பாகும்.

மாணவ நண்பர்களே, நும்மிற் பலர் கடலோர ஊர்களினின்றும் வந்தவர். விடுமுறைக்குச் செல்லுங்கால் இரண்டு கோல், ஒரு கயிறு, ஒரு குறிப்புப் புத்தகம் இவற்றை எடுத்துச் செல்க. உங்கள் ஊரின் ஒரு குறுக்குவெட்டை அளந்து நாளிட்டு எழுதுக. மறு விடுமுறையில் மீண்டும் அளக்க. அயல்நாடுகளிற் பணிபுரியும் பழைய மாணவர் தம் வீட்டுப் பெட்டிகளிலுள்ள கடற்கரைப் புகைப்படங்களுள் ஆண்டு தெரிந்தவற்றைப் படியெடுத்து அனுப்பினால், முப்பது நாற்பதாண்டுக்கு முந்திய கரைக்கோடு எங்கிருந்ததென்பதற்கு அவையே சான்றாகும். ஆசிரியர் இக்குறிப்புகளை ஆண்டுதோறும் சேர்த்துக் காத்து வருவாராக. பத்தாண்டில் நம் கல்லூரியில் நம் கரையைப் பற்றிய ஒரு பேரேடு உண்டாகும். கடல் வாயிலுக்கு வந்தபின் அளக்கத் தொடங்குவதினும், இன்றே முதற்கோட்டை வரைதல் நன்று.